பேரன் படிப்புக்கு நான் போட்ட கணக்கு

போன வருடம் ஜூன் மாதம், ஐயப்பன்தாங்கலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. எனக்கு எழுபத்து நான்கு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு போல்ட் செய்ய என்ன செலவாகும், அதை என்ன விலைக்கு விற்றால் கட்டுப்படியாகும் என்று பார்ப்பதுதான் என் வேலை. ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. குழாயில் சொட்டும் தண்ணீரை டம்ளரில் பிடித்து, மாதத்துக்கு எத்தனை குடம் வீணாகிறது என்று பார்ப்பேன். ரசத்துக்கு எத்தனை மிளகு போடுகிறாய் என்று ஒருநாள் கேட்டதற்கு, என் மனைவி ஒரு வாரம் ரசமே வைக்கவில்லை.

என் பேரன் பிளஸ் டூ முடித்திருந்தான். மதிப்பெண் சுமார். எலக்ட்ரீஷியன் படிப்பில் சேரப் போகிறேன், ஐ.டி.ஐ-யில் இரண்டு வருடம் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். என் மருமகள் கையிலிருந்த கரண்டி சாம்பாருக்குள் விழுந்தது. அவள் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. தன்னிடம் படித்த பிள்ளைகளெல்லாம் பொறியியல் படிக்கும்போது தன் பிள்ளை ஏணியைத் தூக்கிக்கொண்டு போவதா என்பது அவள் கவலை. பூந்தமல்லியைத் தாண்டி ஒரு கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் படிப்புக்கு இடம் பேசியும் வைத்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். நான்கு வருடத்துக்கு எல்லாம் சேர்த்துப் பத்து லட்சம்.

ஏன் எலக்ட்ரீஷியன் என்று கேட்டதற்குப் பேரன் தன் அப்பாவைக் காட்டினான். என் மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறான். பல வருடம் திரையைப் பார்த்து உட்கார்ந்ததில் கழுத்து எலும்பு தேய்ந்து, கழுத்தில் பட்டை போட்டிருக்கிறான். “என்னால அப்படி உட்கார முடியாது தாத்தா” என்றான் பேரன். எல்லோரும் என் மகன் முகத்தைப் பார்த்தோம். பட்டை இருந்ததால் தலையை மேலும் கீழும் ஆட்டவும் முடியவில்லை, பக்கவாட்டில் அசைக்கவும் முடியவில்லை.

அந்தப் பத்து லட்சம் என்னுடைய வைப்பு நிதியிலிருந்து வர வேண்டும். ஆகவே யாரும் சண்டை போட வேண்டாம், இரண்டு படிப்புக்கும் வரவு செலவு போட்டுப் பார்த்து வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். மருமகள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: “எலக்ட்ரீஷியன்னா நாளைக்கு இவனுக்கு யார் மாமா பொண்ணு குடுப்பாங்க?” அதை ரூபாயில் மாற்ற முடியாது, அதனால் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கணக்கு என்றால் நேரில் போய் விசாரிக்க வேண்டும். பேப்பரில் வருவதையும் கல்லூரிக்காரர்கள் சொல்வதையும் நம்பக் கூடாது. கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு எலக்ட்ரிக்கல் சாமான் கடை இருக்கிறது. காலையில் அங்கே ஏழெட்டு எலக்ட்ரீஷியன்கள் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பார்கள். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனேன்.

எதற்காகக் கேட்கிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. என் பேரன் இந்தத் தொழிலுக்கு வரப் போகிறான் என்றால், போட்டிக்கு ஓர் ஆள் வருகிறான் என்று வருமானத்தைக் குறைத்துச் சொல்லிவிடுவார்கள் என்பது என் அனுபவ அறிவு. காரணத்தை அப்புறம் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். முதலில் பேசியவர் இருபத்தெட்டு வயதிருக்கும் ஒரு தம்பி. அவரிடம் வயது கேட்டேன். தொழிலுக்கு வந்து எத்தனை வருடம், மாதம் என்ன வரும், சொந்த வீடா வாடகையா, சம்பாத்தியத்தை நம்பி வீட்டில் எத்தனை பேர், கடன் உண்டா என்றெல்லாம் கேட்டேன். குடிப்பழக்கம் உண்டா என்றும் கேட்டேன். அது செலவுப் பக்கத்துக்காக.

அந்தத் தம்பி கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். மாதம் எழுபதாயிரம் வரும் என்றார். குடிப்பதில்லை, புகைப்பதில்லை. தங்கைக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. வீடு அம்மா பேரில் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லி முடித்து, நான் கேட்காமலே, ரோகிணி நட்சத்திரம் என்றும் சொன்னார். பிறந்த நேரம்கூடச் சொன்னார். வயதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் ஆளை நான் பார்த்ததில்லை. குறிப்பு என்ற இடத்தில் ‘ரோகிணி’ என்று எழுதிக்கொண்டேன். பயன்படாத தகவல்தான், ஆனாலும் கிடைத்த தகவலை எழுதாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

அடுத்த நாள் போனபோது எனக்கு நாற்காலி போட்டார்கள். டீ வந்தது, காசு வாங்க மறுத்துவிட்டார்கள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து விவரம் சொன்னார்கள். எழுபத்தைந்து என்றார் ஒருவர். எண்பதுக்குக் குறையாது என்றார் இன்னொருவர். கடைக்காரர் என்னிடம் எந்தக் குடியிருப்பு, வீட்டு எண் என்ன, உங்கள் பூர்வீகம் எது, குலதெய்வம் எது என்று விசாரித்தார். வீட்டு விலாசம் கொடுத்து, பூர்வீகம் செய்யாறு பக்கம் என்று சொல்லி, குலதெய்வத்தையும் சொன்னேன். இந்தப் பக்கத்து மனிதர்கள் வந்தவரை எவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் போனால் எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்கள். இரண்டு பேர் நெற்றியில் விபூதி. மின்சாரத்தோடு பழகும் தொழில் ஒரு மனிதனுக்கு எவ்வளவு ஒழுங்கைக் கொடுக்கிறது என்று வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி, உங்களுக்கும் கொஞ்சம் ஷாக் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள்.

அடுத்தது பொறியாளர்கள். அதற்கு நான் எங்கும் போக வேண்டியதில்லை. எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள், அதில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர்காரர்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். அதே நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், தவறாக நினைக்க வேண்டாம், கைக்கு மாதம் என்ன வருகிறது என்று கேட்டேன். அவர்கள் சொன்னதைக் கேட்டு எனக்கு மனசே கலங்கிவிட்டது. ஒருவர் போனைத் திறந்து மூன்று கடன் தவணைகளைக் காட்டினார். ஒருவர், எங்கள் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் அங்கிள், நானே எத்தனை நாள் இருப்பேனோ என்றார். ஒரு வீட்டில் கதவைப் பாதிதான் திறந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் ரொம்ப மரியாதையான பிள்ளை, இரண்டு கார் வைத்திருப்பவர். அவர் குரலைத் தாழ்த்தி, “நாற்பதுதான் அங்கிள் கைக்கு வருது. எப்படியோ ஓட்டுறோம்” என்றார். பாவம், காரெல்லாம் கடனில்தான் ஓடுகிறது என்று புரிந்துகொண்டேன். அன்றிலிருந்து மூன்று நாள் என் மனைவியிடம் சொல்லி அவர் வீட்டுக்கு வத்தக் குழம்பு கொடுத்தனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கணக்கைப் படித்தேன். பி.இ. படிப்புக்குப் பத்து லட்சமும் நான்கு வருடமும் போகும். எலக்ட்ரீஷியன் படிப்புக்குத் தனியார் ஐ.டி.ஐ-யில் சேர்ந்தாலும் அறுபதாயிரத்தைத் தாண்டாது. இருபது வயதில் சம்பாதிக்க ஆரம்பித்துவிடுவான். ஆரம்பத்தில் பாதிதான் வரும் என்று வைத்துக்கொண்டாலும், முப்பது வயதில் எலக்ட்ரீஷியன் கையில் ஒரு வீடு இருக்கும், பொறியாளர் கையில் எதிர் வீட்டு வத்தக் குழம்பு இருக்கும். கடைசி வரியை நான் எழுதவில்லை, பேச்சுவாக்கில் சேர்த்துக்கொண்டேன். பேரன் கை தட்டினான். மருமகள் எழுந்து போய்ச் சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக அடுக்கினாள். ஆனாலும் எண்களை எதிர்த்துப் பேச அவளால் முடியவில்லை. ஞாயிறு ராத்திரி முடிவு செய்வோம் என்றான் மகன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. நான் திறந்தேன். கரையான்சாவடிக் கடையில் முதலில் பேசிய அந்த ரோகிணித் தம்பி நின்றார். வெள்ளை முழுக்கைச் சட்டை. எங்கள் வராந்தா விளக்கு ஒன்று எரியாமல் இருந்தது. வாட்ச்மேன் அதற்காகத்தான் இவரைக் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் பக்கத்தில் அவருடைய அம்மா பட்டுச் சேலையில் நின்றார். கையில் ஒரு தாம்பாளம். அதில் பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, ஸ்வீட் பாக்கெட், மேலே ஒரு முழம் இல்லை, ஐந்தாறு முழம் மல்லிகை. விளக்குக்கு இவ்வளவு தேவையில்லையே என்று யோசிப்பதற்குள் என் மனைவி வந்துவிட்டாள். பட்டுச் சேலையையும் தாம்பாளத்தையும் பார்த்ததும், புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க வந்திருக்கிறார்கள் என்று அவளாகவே முடிவு செய்து, உள்ளே வாங்க என்று உட்கார வைத்தாள். விசேஷம் எப்போது என்றும் கேட்டாள்.

அந்த அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். “அது உங்க கைலதான் கீது. நீங்க ஒரு நாள் சொல்லுங்க, நாங்க ரெடியா கீறோம்.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அந்த அம்மா தாம்பாளத்தை டீப்பாய் மேல் வைத்துவிட்டு, மடியிலிருந்து மஞ்சள் தடவிய ஒரு ஜாதகத்தை எடுத்து அதன் மேல் வைத்தார். பெரியவர் மூன்று நாள் நேரில் வந்து பையனைப் பற்றி எல்லாம் விசாரித்தாராம், இந்தக் காலத்தில் யார் இப்படி மெனக்கெடுகிறார்கள் என்று என்னைப் பாராட்டினார். பிறகு சொன்னார்:

“பொண்ணைக் கூப்புடுங்கம்மா. ஒரு தபா பாத்துக்கறோம்.”

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து காபித் தட்டை ஏந்திக்கொண்டு என் பேரன் வந்தான். அரை டிராயர், பனியன், மூன்று நாள் தாடி. வந்தவர்களுக்கு மரியாதையாகக் குனிந்து காபியை நீட்டினான். அந்தத் தம்பி டம்ளரை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. வருவதற்கு எங்கள் வீட்டில் யாரும் இல்லை. எனக்கு ஒரே மகன், அவனுக்கு ஒரே மகன்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சொந்த வீடா, கடன் உண்டா, குடிப்பழக்கம் உண்டா. ஒரு கிழவன் காரணம் சொல்லாமல் ஓர் இளைஞனிடம் இந்த மூன்று கேள்வியைக் கேட்டால் நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்? போல்ட்டுகளோடு முப்பத்தாறு வருடம் இருந்ததில் எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த அம்மாவிடம் எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நோட்டைக் கொண்டு வந்து காட்டினேன். இது பேரன் படிப்புக்காக எடுத்த கணக்கம்மா, எங்கள் வீட்டில் பெண்ணே கிடையாது என்றேன். என் மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மருமகள் வாசற்படியில் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

அந்த அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தார். மகனிடம் நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றார். அவர் எட்டிப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“சார், தப்பா நென்ச்சுக்காதீங்க. இது மாப்ள கணக்கு சார்.”

அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். பெண் வீட்டுக்குச் சொல்வது என்றார். உண்மையில் மாதம் முப்பது வரும். நல்ல மாதம் என்றால் முப்பத்தைந்து. ஆடியில் யாரும் புது வீடு புக மாட்டார்கள், அப்போது இருபது வந்தாலே பெரிது. மற்றவர்கள்? ஐயப்பன்தாங்கல் பெரியவர் மாப்பிள்ளை தேடுகிறார் என்று முதல் நாளே கடை முழுக்கப் பரவிவிட்டதாம். இவர் எழுபது சொன்னது தெரிந்து அடுத்தவர் எழுபத்தைந்து சொல்லியிருக்கிறார். எண்பது சொன்னவருக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறதாம், தன் கூடப் பிறந்த தம்பிக்காகச் சொன்னாராம்.

“இன்னாத்துக்குடா இவ்ளோ ஏத்தி சொன்னே” என்று அந்த அம்மா மகனின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். “நீதானேம்மா சொல்லச் சொன்னே” என்றார் அவர். அந்த அம்மா ஜாதகத்தை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

என் கணக்கில் ஒரு பக்கம் சரிந்தது. மருமகளின் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடிந்தது. பரவாயில்லை, பொறியாளர்கள் பக்கம் அப்படியேதானே இருக்கிறது என்று நான் சமாளிக்கப் பார்த்தேன். எதிர் வீட்டுக்காரர் சரியாக அந்த நேரத்தில்தான் குழம்புப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்று அதில் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்திருந்தார். நோட்டில் தன் பெயரையும் எதிரே நாற்பது என்றிருந்ததையும் பார்த்தவர், இது எதற்கு அங்கிள் என்றார். பேரன் படிப்புக்கு என்றேன். அவர் முகம் போன போக்கை வர்ணிக்க எனக்குத் தெரியவில்லை.

“ஐயோ அங்கிள், புது ஜெனரேட்டருக்குப் பணம் கேக்கத்தான் வந்தீங்கன்னு நினைச்சேன். நாங்க எல்லாருமே அப்படித்தான் நினைச்சோம்.”

சங்கப் பொருளாளர் நோட்டோடு வந்து சம்பளம் கேட்டால் வேறு என்ன நினைப்பார்கள்? பிறகு உண்மைத் தொகையை என் காதில் மட்டும் சொன்னார். எனக்கு முதலில் வந்த எண்ணம் படிப்பைப் பற்றியதல்ல. இவ்வளவு வாங்குகிறவருக்கா என் வீட்டுப் புளியும் நல்லெண்ணெயும் போயிற்று என்பதுதான்.

உடனே பென்சிலை எடுத்தேன். உண்மைத் தொகைகளை வைத்துப் புதிதாகப் போட்டால் பி.இ. எங்கேயோ போய்விட்டது. மருமகள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று எண்களைப் பார்த்தாள். அப்போது எதிர் வீட்டுக்காரர், ஆனால் என்னோடு படித்த அறுபது பேரில் இந்த மாதிரி வேலையில் இருப்பது பத்துப் பேர்தான் அங்கிள், மற்றவர்கள் எங்கெங்கேயோ இருக்கிறார்கள் என்றார். எலக்ட்ரீஷியன் தம்பியும், தன்னோடு ஐ.டி.ஐ-யில் படித்தவர்களில் பாதிப் பேர் இப்போது வண்டி ஓட்டுகிறார்கள் என்றார். நான் பென்சிலைக் கீழே வைத்தேன். கடை வாசலில் நிற்பவர்களிடமும் சொந்த வீடு வாங்கிக் குடியிருப்பவர்களிடமும்தான் நான் கேட்டிருக்கிறேன். வழியில் விட்டுப் போனவர்கள் அங்கே எப்படி நிற்பார்கள்? நோட்டில் கூட்டிய கூட்டல் எல்லாம் சரி. கூட்டப்பட்டதுதான் ஒன்றும் சரியில்லை.

அந்த அம்மாதான், வந்ததற்கு ஏதாவது பேச வேண்டுமே என்று, பேரனைப் பார்த்து நீ என்ன படிக்கப் போகிறாய் கண்ணு என்று கேட்டார். அவனுக்கு உள்ளொன்று வைத்துப் பேசத் தெரியாது.

“எலக்ட்ரீஷியன்தான் ஆன்ட்டி. ஆனா அம்மா வேணாங்கறாங்க. அது படிச்சா யாரும் பொண்ணு தர மாட்டாங்களாம்.”

மருமகள் தரையைப் பார்த்தாள். அந்தத் தம்பி காலி டம்ளரை எடுத்துக் காபி இருப்பதுபோல் குடித்தார். ரூபாயில் மாற்ற முடியாது என்று நான் ஒதுக்கிய அந்த ஒரு கேள்வி, பட்டுச் சேலை கட்டி எங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தது.

அந்த அம்மா கோபப்படவில்லை. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அது நெசந்தான் கண்ணு. மூணு வர்சமா தேடிகினு கீறேன். முப்பதுன்னா போனை வெச்சுர்றாங்க, அதான் எழுபதுன்னு சொல்லச் சொன்னேன். மூணு வர்சத்துல எங்களைத் தேடி வந்து கேட்டது உங்க தாத்தா ஒர்த்தர்தான்.” பிறகு மருமகளைப் பார்த்தார். “உன் மேல தப்பு இல்லம்மா. எனக்கு ஒரு பொண்ணு மிச்சம் இருந்தா, நானும் கம்ப்யூட்டருக்குத்தான் குடுப்பேன்.”

முதலில் சிரித்தது அவருடைய மகன்தான். அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எதிர் வீட்டுக்காரர், என் மகன், எல்லோரும். சிரிக்கும்போது கழுத்து வலித்து என் மகன் ஆ என்று கத்த, மறுபடியும் சிரித்தார்கள். மருமகள் மட்டும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். நான் அப்பளத்தை எண்ணவில்லை.

கிளம்பும்போது தாம்பாளத்தை என்ன செய்வது என்ற பிரச்சினை வந்தது. நல்ல காரியத்துக்கு என்று எடுத்து வந்ததைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்றார் அந்த அம்மா. சரி, படிக்கப் போகிற பிள்ளைக்கு என்று கொடுக்கிறேன், நம்ம தொழிலுக்கு வர்ற புள்ள, வாங்கிக்கோம்மா என்று மருமகளிடம் நீட்டினார். அவள் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கி, மல்லிகையில் கொஞ்சம் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டு, “நல்லபடியா படிப்பான், ஆசீர்வாதம் பண்ணுங்க” என்றும் சொல்லிவிட்டாள். விருந்தாளிகளிடம் வேறு என்னதான் சொல்ல முடியும்?

கதவைச் சாத்தியதும் என் மனைவி கேட்டாள், “தட்டு வாங்கியாச்சு. இனிமே பேச்சு மாறலாமா?”

மருமகள் தாம்பாளத்தைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் தட்டு வாங்குவது என்றால் வாக்குக் கொடுத்த மாதிரி. கல்யாணமே அதில் நிச்சயமாகிவிடும்போது ஒரு படிப்பு நிச்சயமாகாதா? “அந்தம்மா முகத்துக்கு நேரா வாங்கிட்டேன் மாமா. சேரட்டும். ஆனா சொந்தக்காரங்க கேட்டா, அப்புறம் டிப்ளமா, அதுக்கப்புறம் பி.இ. அப்படின்னுதான் சொல்வேன்” என்றாள். அப்படியே சொல்லு, அது உன் மாப்பிள்ளைக் கணக்கு என்றேன். திங்கட்கிழமை முன்பணம் கட்டவில்லை.

இப்போது பேரன் முதல் வருடம் முடித்துவிட்டான். கையில் வெட்டுக்காயம் இல்லாத வாரம் கிடையாது. எங்கள் வராந்தா விளக்கைச் சரிசெய்தான். இரண்டு நாள் கழித்து அது மறுபடி அணைந்தது, மறுபடி சரிசெய்தான். போகப் போகத் தேறுவான். இவன் முப்பது வயதில் என்ன சம்பாதிப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தைக் காலியாகத்தான் விட்டிருக்கிறேன். என் போன்ற ஆளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தம்பிக்குப் பெண் தேடும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். மூன்று வருடத்தில் தேடி வந்த ஒரே ஆள் நான் என்றால், பாதியில் விட்டுவிட்டு வர முடியுமா? போன மாதம் ஆவடியில் ஒரு பெண்ணின் அப்பாவிடம் போனில் பேசினேன். பையனைப் பற்றி நல்லவிதமாக விசாரித்துவிட்டு, மாதம் என்ன வரும் சார் என்றார். முப்பது, ஆடியில் இருபது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தாறு வருடத்தில் ஒரு பைசா கூட்டி எழுதியதில்லை நான். ஆனால் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா கண்ணுக்குள் வந்தார். வாயிலிருந்து வந்த சொல், நாற்பதுக்குக் குறையாது.

போனை வைத்த பிறகு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, தவறாகச் சொல்லிவிட்டேன், முப்பதுதான் என்று திருத்தினேன். அந்தப் பக்கம் அவர் சிரித்தார். “தெரியும் சார். நாப்பதுன்னீங்க, நான் முப்பதுன்னுதான் வெச்சுக்கிட்டேன். பையன் எப்படி, அதைச் சொல்லுங்க” என்றார். அடுத்த வாரம் பெண் பார்க்கப் போகிறோம்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த இந்தக் கழித்தல் எழுபத்து நான்கு வயதில்தான் எனக்குத் தெரிய வந்தது. இப்போதெல்லாம் யாராவது ஒரு தொகை சொன்னால் எழுதுவதற்கு முன்னால் சொல்கிறவரின் முகத்தைப் பார்க்கிறேன். அவர் என்னிடம் எதற்குப் பயப்படுகிறார், எதற்கு ஆசைப்படுகிறார் என்று தெரியாதவரைக்கும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் வாழ்க்கையை என்னால் கூட்டிக் கழிக்க முடியாது.